வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது, திருவாரூர் மாவட்டத்தில் நான் வேதியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த கல்லூரியின் பாதிக் கூரைகள் பறந்துபோயின. அதற்கு முன்பே சேர்க்கை சரிந்து, சில துறைகளில் வகுப்புக்குப் பத்துப் பேர் என்று ஆகியிருந்தது. புயலுக்கு அப்புறம் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று தயாரிக்கச் சொன்னது. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீடு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது அதன் ஏழு அளவுகோல்களில் ஆறாவது, நிர்வாகமும் தலைமையும். திட்டம் போட்டீர்களா, அதன்படி நடந்தீர்களா என்று கேட்டது அங்கேதான்.

இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். கலையரங்கம், ஸ்மார்ட் வகுப்பறை, புது முகப்பு எல்லாம் அதில் இருந்தன. வளாக வரைபடத்தை விரித்து வைத்திருந்த ஒரு மாலையில், ஆய்வக உதவியாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேடம், தண்ணி போற வழி இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் ஆய்வகத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பது வழக்கம். தராசுகளைச் செங்கல் மேல் தூக்கி வைப்போம். ஒரு வருஷம் கீழ்த்தட்டில் இருந்த உப்புப் புட்டிகளின் சீட்டுகள் ஊறி உரிந்துவிட்டன. எல்லாமே வெள்ளைப் பொடி, எதுவென்று தெரியவில்லை. அத்தனையையும் கழித்துக்கட்டினோம். தரையை உயர்த்திக் கட்டினால்தான் தீரும் என்றே எல்லோரும் நம்பியிருந்தோம்.

அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கருவேலம் புதருக்குள் மண் மூடிய ஒரு பள்ளம் தெரிந்தது. வளாகத்துத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே உள்ள வடிகாலுக்குப் போயிருக்கிறது. சுற்றுச்சுவர் கட்டியபோது அதன் வாயை நாங்களே அடைத்திருந்தோம். டெல்டாவில் தரைக்குச் சாய்வு மிகக் குறைவு. பாய்ச்சுவதற்கு எவ்வளவு கவலைப்படுகிறோமோ, வடிப்பதற்கும் அவ்வளவு கவலைப்பட வேண்டும். சம்பா நட்ட எந்த விவசாயிக்கும் இது தெரியும். விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கு உறைக்காமல் போனது இன்றைக்கும் வருத்தம்தான்.

திட்டத்தைத் திரும்ப எழுதினேன். முதல் வரி, வாய்க்கால் தூர்வாருதல். சுவரில் மதகு வைப்பது இரண்டாவது. கலையரங்கத்தை எடுத்துவிட்டேன். நிர்வாகக் கூட்டத்தில் முகங்கள் சுருங்கின, ஆனாலும் செலவு குறைவு என்பதால் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த வேலை தந்த தைரியத்தில்தான், கொரோனா ஓய்ந்த பிறகு, முதல் மணி நேர வகுப்பு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். நடவு வயலில் நின்ற ஓர் அம்மா கையைக் கழுவிக்கொண்டு வரப்புக்கு வந்தார். "டீச்சர், காசில்லாத பஸ்ஸு ஒம்பதே முக்காலுக்குத்தான் வருது. அதுக்கு முந்தின வண்டிக்கு டிக்கெட் எடுக்கணும். தெனமும் காசுக்கு எங்க போறது?" 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். நாங்கள் வகுப்பு தொடங்கியது ஒன்பதரைக்கு. தாமதமாக வருகிறவர்களை வெளியே நிறுத்தி, வருகைப் பதிவு குறைவு என்று தேர்வுக்கு அனுப்பாமல் விட்டவர்களும் நாங்களே. அந்தப் பெண்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. எந்தக் கட்டடம் கட்டினாலும் அதை ஈடுகட்ட முடியாது.

வகுப்பைப் பத்தேகாலுக்கு மாற்றினோம். மதிய இடைவேளையைச் சுருக்கி மாலை நேரத்தைச் சரிக்கட்டினோம். சேர்க்கை ஒரே வருஷத்தில் நிறைந்துவிடவில்லை. முதல் பெஞ்சுகள் நிறைந்தன.

அந்த ஐப்பசியில் ஓர் இரவு முழுக்கக் கொட்டியது. காலையில் ஆய்வகக் கதவைத் திறந்தேன், தரை உலர்ந்திருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கலங்கல் தண்ணீர் மதகுக்குள் நுழைந்து வடிகாலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்த உதவியாளர் ஒரு கழியால், அடைத்த வைக்கோலைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.