கரண்ட் போனால் காணாமல் போகும் பிரிண்டர்

தலவாக்கலையில் வீட்டிலேயே சாதாரண தர வகுப்பு எடுப்பதால் பிரிண்டர் இல்லாமல் எனக்குச் சரிவராது. வயரில் ஒழுங்காக ஓடியது, வைஃபைக்கு மாற்றியதும் முரண்டு பிடித்தது.

முதலில் அலைவரிசை. எங்கள் சிம் ரவுட்டர் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு பெயரில் வைஃபை தருகிறது. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். மற்றப் பெயர் அவற்றின் பட்டியலிலேயே வராது. லெப்டொப்பையும் 2.4க்கு மாற்றி இணைத்தேன், சரி. தடித்த கருங்கல் சுவரைத் தாண்டவும் அதுதான் நல்லது.

ஆனால் கரண்ட் போய் வந்தால் போதும், பிரிண்டர் 'ஓஃப்லைன்' என்று வந்துவிடும். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போவதைச் சொல்லவா வேண்டும்! ரவுட்டர் மறுபடி எழும்பும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி, அதாவது வைஃபைக்குள் அதைக் கண்டுபிடிக்கும் எண், கொடுத்துவிடுகிறது. விண்டோஸ் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டு நிற்கிறது. வீடு மாறிப் போனவருக்குப் பழைய லயத்துக்குக் கடிதம் போட்ட மாதிரி. டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் டீச்சர் என்றார் கடைத் தம்பி. அதற்கு அவசியமே இருக்கவில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், ஐபி முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஎச்சிபி பகுதிக்குப் போய், பிரிண்டரின் மெக் முகவரிக்கு (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணுக்கு) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கினேன். அப்புறம் அதே ஐபியைக் கொடுத்து விண்டோஸில் பிரிண்டரைப் புதிதாகச் சேர்த்தேன்.

இன்னொன்று, இதற்கு டேட்டா தேவையில்லை. வீட்டு வைஃபைக்குள்ளேயே வேலை முடிகிறது. சிக்னல் இல்லை, அதனால் வினாத்தாள் அடிக்கவில்லை என்று இனிப் பிள்ளைகளிடம் சாக்குச் சொல்ல வழியில்லை.