கழுத்தில் செயற்கை டிஸ்க் வைத்து 14 மாதம் ஆகிறது

போன வாரம் எங்கள் பள்ளியில் கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சர் என்னைத் தேடி வந்தார். அவருடைய அண்ணனுக்குக் கழுத்தில் டிஸ்க் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். "உங்களுக்கு இப்ப வலியே இல்லையா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்று பொய் சொல்ல மனசு வரவில்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்த அண்ணன் ஆபரேஷனுக்கே பயந்துவிடுவார். ஸ்டாஃப் ரூமில் அடுத்த பெல் அடிப்பதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மதுரையில் கணக்கு டீச்சர். 18 வருஷமாகப் பகலில் அண்ணாந்து கரும்பலகையில் எழுதுவது, ராத்திரி குனிந்து பேப்பர் திருத்துவது. 2023 தீபாவளி சமயத்தில் வலது தோள்பட்டையில் வலி ஆரம்பித்தது. சுளுக்கு என்று நினைத்து அத்தை நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து நீவிவிட்டார். ஒரு மாதத்தில் வலி தோளை விட்டு இறங்கி, முழங்கை வழியாகக் கட்டை விரல் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி சுளீர் சுளீர் என்று ஓடியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயின. ஒரு நாள் பத்தாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது சாக்பீஸ் கையிலிருந்து நழுவிவிட்டது. நழுவியதே எனக்குத் தெரியவில்லை. கை நகர்கிறது, பலகையில் எழுத்து விழவில்லை, அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

எம்.ஆர்.ஐ. எடுத்ததில், கழுத்தின் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவில் இருக்கிற டிஸ்க், ஊர்ப்பக்கம் ஜவ்வு என்போமே அது, பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இப்படி வருகிறவர்களில் நிறையப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும். எனக்கும் ஆகும் என்று மாத்திரை, பிசியோ என்று நாலு மாதம் பார்த்தேன். மணிக்கட்டைத் தூக்கும் பலம் குறைய ஆரம்பித்த பிறகுதான் இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்த பிறகு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் தகடு, ஸ்க்ரூ வைத்து ஒன்றாகச் சேர்த்துவிடுவது. ரொம்ப காலமாகச் செய்து வருவது இதுதான், இன்றைக்கும் பலருக்கு இதுவே பொருத்தம். இன்னொன்று, அந்த இடத்தில் அசையக்கூடிய செயற்கை டிஸ்க் வைப்பது. அமெரிக்காவில் 2007-லிருந்துதான் கழுத்துக்கு இதற்கு அனுமதி கிடைத்தது. மேலும் கீழும் உலோகத் தகடு, நடுவில் கெட்டியான பிளாஸ்டிக், எனக்கு வைத்தது 6 மில்லிமீட்டர் உயரம். எலும்பு பலமாக இருக்க வேண்டும், கழுத்தின் பின்பக்கத்து மூட்டுகள் அதிகம் தேய்ந்திருக்கக் கூடாது, அப்போதுதான் இதை வைப்பார்கள். எனக்கு 41 வயது, பின் மூட்டுகள் நன்றாக இருந்தன, அதனால் வைத்தார்கள்.

2024 மே மாத லீவில் ஆபரேஷன் நடந்தது. கழுத்துக்குப் பின்னால் வெட்டுவார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். முன்பக்கமாகத்தான் போவார்களாம், மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் மெதுவாக ஒதுக்கிவிட்டு. அதனால் பத்து நாள் போல எதை விழுங்கினாலும் தொண்டையில் உருண்டை மாதிரி நின்றது. குழைய வடித்த ரசம் சாதம்தான் இறங்கியது. குரலும் கம்மிப்போய், மூன்றாவது வாரம்தான் திரும்பியது. தழும்பு இப்போது கழுத்து மடிப்போடு மடிப்பாகப் போய்விட்டது.

மயக்கம் தெளிந்ததும் முதலில் நான் தேடியது கை வலியைத்தான். அது இல்லை. ஆறு மாதமாகத் தூங்கவிடாமல் வைத்திருந்த அந்தச் சுளீர் அன்றைக்கே போய்விட்டது, நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்புறம் மூன்றாவது வாரத்தில் வேறொரு வலி வந்தது. பிடரியில் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே, ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில், விரல் வைத்து இதோ இங்கேதான் என்று காட்டுகிற மாதிரி ஒரு குடைச்சல். சாயங்காலம் ஆனால் தலையைத் தாங்கவே கழுத்துக்குத் தெம்பு இருக்காது. டிஸ்க் நகர்ந்துவிட்டதோ, திரும்பவும் கத்தி வைக்க வேண்டியிருக்குமோ என்று எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் செய்யும்போது கொடுத்த தாளில் ஆறு வாரத்தில் வழக்கமான வேலைகளைச் செய்யலாம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. இப்படி ஒரு வலி வரலாம் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது.

மூன்றாம் மாதம் செக்கப் போனபோது குனிந்து ஒரு எக்ஸ்-ரே, அண்ணாந்து ஒரு எக்ஸ்-ரே எடுத்தார்கள். இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார் டாக்டர். குனிந்த படத்தில் தகடுகள் முன்பக்கம் நெருங்கியிருந்தன, அண்ணாந்த படத்தில் பின்பக்கம் நெருங்கியிருந்தன. என் கழுத்துக்குள் அது அசைவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். பழைய டிஸ்க் வருஷக்கணக்காக அமுங்கி அமுங்கி உயரம் குறைந்துபோயிருந்தது, பின்பக்கத்து சின்ன மூட்டுகளும் தசைநார்களும் அந்த உயரத்துக்கே பழகிவிட்டன. திடீரென்று நடுவில் 6 மில்லிமீட்டரை நிறுத்தியதும் அவை இழுபடுகின்றன. வலிக்குப் பயந்து மாதக்கணக்கில் விறைத்துக்கொண்டிருந்த தசைகள் வேறு. அதோடு, ஆபரேஷன் செய்ததே நரம்பை விடுவிக்க, அதாவது கைக்காக. கழுத்து வலிக்கு டிஸ்க், மூட்டு, தசை என்று பல காரணம் இருக்கும், அது அதே வேகத்தில் குறையும் என்று உறுதி கொடுக்க முடியாது என்றார். சம்மதக் கையெழுத்து வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

பலன் கொடுத்தது பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்று தலையாட்டுகிற மாதிரி தாடையை லேசாக உள்ளே இழுத்துப் பத்து விநாடி வைத்திருப்பது. பார்த்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும், முதல் வாரம் நாலு தடவைக்கு மேல் என்னால் முடியவில்லை. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்துப் பிடிக்கும் பயிற்சியும் தினம் உண்டு. இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை வைத்துப் படுத்தவள் ஒன்றுக்கு வந்தேன். நம் தலை ஏறக்குறைய 5 கிலோ, குனியக் குனிய கழுத்துக்கு அந்தப் பாரம் பல மடங்காகிறது. அதனால் பேப்பர் கட்டை மேஜையில் படுக்கப் போட்டுத் திருத்துவதை விட்டுவிட்டேன். என் மகளுடைய பரீட்சை அட்டையை நாலு தடிப் புத்தகத்தில் சாய்த்து வைத்து, அதன் மேல் வைத்துத் திருத்துகிறேன். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கிறேன். பஸ்ஸில் பின் சீட்டில் உட்காருவதே இல்லை. உறவுக்காரர் ஒருவர் நெட்டி முறித்துவிட்டால் சரியாகிவிடும், நல்ல ஆள் இருக்கிறார் என்று கூப்பிட்டார். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள், சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்க வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், பத்துக்கு எட்டாக இருந்தது சாதாரண நாளில் இரண்டு, பேப்பர் திருத்தும் வாரங்களில் நாலு. கட்டை விரல் உணர்ச்சி திரும்ப ஒன்பது மாதம் ஆனது, நரம்பு அவ்வளவு மெதுவாகத்தான் தேறும். அண்ணாந்து பார்ப்பதுதான் இன்னும் கஷ்டம். தை மாதம் மீனாட்சியம்மன் கோயிலில் தெற்குக் கோபுரத்தை நின்று பார்க்க முடியவில்லை. மகள்தான், "அம்மா, இங்க வந்து பாரு, தூரத்துல இருந்து பார்த்தா கழுத்த மடக்க வேணாம்" என்று தெருவின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்து முழுக் கோபுரமும் தெரிந்தது.

எல்லா வலியையும் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. கை பலம் குறைந்தால், சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறினால், நடை தள்ளாடினால், சிறுநீர் கட்டுப்பாடு மாறினால், காய்ச்சலோடு கழுத்து வலித்தால், விழுங்குவது நாளுக்கு நாள் கஷ்டமானால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

டீச்சர், ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் உங்கள் அண்ணனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த இரண்டு எக்ஸ்-ரேயும் என்னிடம்தான் இருக்கின்றன, காட்டுகிறேன்.