ரெண்டரில் மலை சிதைந்தால் எங்கிருந்து தேடுவது?

கிருஷ்ணகிரியில் கணினி அறிவியல் இறுதியாண்டு படித்தபோது, எங்கள் ஊர்க் கோட்டை மலையையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாணக் காட்சியாக உருவாக்குவதையே செயல்திட்டமாக எடுத்துக்கொண்டேன். முதல் மதிப்பாய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது எடுத்த ரெண்டரில், அதாவது மென்பொருள் கணித்துத் தரும் படத்தில், கருங்கல் குவாரியில் பாறையை வெட்டியெடுத்த முகப்பைப் போல, மலைச்சரிவு முழுவதும் அடுக்கடுக்கான படிகள் தெரிந்தன. இரண்டு இரவுகள் சூரிய ஒளியின் கோணத்தை மாற்றினேன், நிழலை மென்மையாக்கினேன், பாறையின் டெக்ஸ்சரை, அதாவது அதன்மேல் போர்த்தும் படத்தை, மூன்று முறை மாற்றினேன். படிகள் அப்படியே இருந்தன. பிழை இருந்த இடம் ஒளியும் அல்ல, டெக்ஸ்சரும் அல்ல, நான் ஏற்றிய ஹைட்மேப் கோப்பு, அதாவது நிலத்தின் உயரங்களைச் சாம்பல் நிறச் சாயல்களாகப் பதிந்த படம். இதே வகைச் செயல்திட்டத்தை எடுக்கும் மாணவர்கள் அந்த இரண்டு இரவுகளை இழக்க வேண்டாம் என்பதற்காக, தேட வேண்டிய வரிசையை எழுதுகிறேன்.

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன், எல்லா டெக்ஸ்சர்களையும் நீக்கிவிட்டு, மலை முழுவதற்கும் ஒரே சாம்பல் நிறம் கொடுத்து, சூரியனைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து ஒரு ரெண்டர் எடுங்கள். சிதைவு அப்போதும் தெரிந்தால் அது பெரும்பாலும் மலையின் வடிவத்தில், அதாவது உயரத் தரவிலோ, மெஷ் எனப்படும் வலைப்பின்னல் பரப்பிலோ இருக்கிறது. மறைந்துவிட்டால் டெக்ஸ்சர் பக்கம் தேடலாம். அடுத்து கேமராவைச் சற்று நகர்த்திப் பாருங்கள். மலையோடு ஒட்டி நிற்கும் சிதைவு ஒரு வகை, கேமரா நகர நகர மினுங்கி இடம் மாறும் சிதைவு வேறு வகை. இவ்விரண்டு சோதனைகளுக்கும் பத்து நிமிடம் போதும்.

என் படிகளின் காரணம் இதுதான். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, மூலத் தரவாகச் சேமிக்காமல், திரையில் தெரிந்த படமாகச் சேமித்துவிட்டேன். அப்படிச் சேமித்தால் கிடைப்பது 8 பிட் படம், அதில் 256 சாம்பல் நிலைகளே உண்டு. ஆயிரம் மீட்டர் உயர வேறுபாடுள்ள நிலத்தை அதற்குள் அடக்கினால் ஒவ்வொரு நிலையும் ஏறத்தாழ 4 மீட்டர்ப் படியாகிவிடும். 16 பிட்டில் 65,536 நிலைகள் இருப்பதால் இந்தச் சிக்கல் எழாது. ஆயினும் மூலத் தரவே உயரங்களை முழு மீட்டர்களில் தருவதால், கிருஷ்ணகிரி அணையைச் சுற்றியுள்ள சமவெளி போன்ற இடங்களில் ஒரு மீட்டர்ப் படிகள் தாழ்ந்த வெயிலில் மெல்லத் தெரியும். தரவை 32 பிட்டுக்கு மாற்றி இலேசாக மென்மைப்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும். ஹைட்மேப்பை ஜேபெக் வடிவில் ஒருபோதும் சேமிக்காதீர்கள். அதன் 8க்கு 8 புள்ளிக் கட்டங்கள் நிலத்தில் சதுரச் சதுரமான மேடுகளாக எழுந்து நிற்கும்.

கோப்பு சரியாக இருந்தும் பள்ளத்தாக்குகள் தட்டையாகவும் உச்சிகள் ஊசியாகவும் தெரிந்தால், படத்தின் வண்ண அமைப்பைப் பாருங்கள். ஹைட்மேப்பை நிறப்படமாக எண்ணிப் பிளெண்டர் திரை நிறங்களுக்கான எஸ்ஆர்ஜிபி வளைவில் மாற்றினால், பாதி உயரமாக இருக்க வேண்டிய 0.5 என்ற மதிப்பு 0.21 ஆகக் குறைந்துவிடும். அதை நிறமல்லாத தரவு என்று குறித்தால் மலை தன் வடிவத்துக்குத் திரும்பும். என் கருத்தில், மாணவர்கள் கண்டுபிடிக்கத் தவறும் பிழைகளில் இதுவே முதன்மையானது, ஏனெனில் விளைவு பார்வைக்கு அழகாகவே இருக்கும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தரவு ஒரு பாகைக்கு ஒரு பாகை என்ற துண்டுகளாகக் கிடைக்கிறது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கிலும், ஒகேனக்கல்லும் ஓசூரும் அதற்கு மேற்கிலும் இருப்பதால், இரு பக்கங்களையும் ஒரே காட்சியில் கொண்டுவர இரண்டு துண்டுகள் தேவை. அவற்றைத் தனித்தனி மெஷ்ஷாக வைத்தால் நடுவில் நேர்க்கோடாக ஒரு தையல் தெரியும். முதலில் இணைத்து, பின்னர் நிலத்தை மீட்டர்களில் அளக்கும் யுடிஎம் என்ற வரைபட முறையின் ஒரே மண்டலத்துக்கு மாற்றுங்கள். அதே 78 பாகையில்தான் 43ஆம் மண்டலம் முடிந்து 44ஆம் மண்டலம் தொடங்குகிறது என்பதால், எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். இந்த மாற்றத்தைச் செய்யாமல் பாகைகளில் உள்ள நிலத்தின்மேல் மீட்டர்களில் உள்ள உயரத்தை ஏற்றினால், மலைகள் வானளாவிய ஊசிகளாகிவிடும்.

டெக்ஸ்சரில் பெரும்பாலும் ஒரே சிக்கல்தான்: மேலிருந்து நேராகப் போர்த்திய படம் செங்குத்தான சரிவில் கோடுகளாக இழுபடும். மூன்று திசைகளிலிருந்தும் படத்தைப் போர்த்திக் கலக்கும் முறைக்கு மாறினால் தீர்ந்துவிடும். தொலைவிலுள்ள பரப்புகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு மினுங்கினால், கேமராவின் பார்வை தொடங்கும் அருகெல்லையை 0.1 மீட்டரிலிருந்து சில மீட்டர்களுக்கு உயர்த்துங்கள்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் என் இறுதிப் படத்தைவிட, அறிக்கையில் நான் ஒட்டியிருந்த பிழையான படங்களையே நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டார். கடைசியாக, கோட்டை மலையின் செங்குத்துப் பாறை உங்கள் படத்தில் ஏன் இப்படி மழுங்கியிருக்கிறது என்றார். தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான், அரைக் கிலோமீட்டர் அகலமுள்ள குன்றுக்குக் குறுக்கே 17 புள்ளிகளே விழும், ஆகவே பாறையின் விளிம்பு அதில் பதிவாகவே இல்லை, எந்த அமைப்பை மாற்றினாலும் அது வராது என்றேன். அப்படியானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மலையடிவாரத்தைச் சுற்றி நடந்து எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டு அந்த முகப்பை மட்டும் தனியாக மாதிரியாக்கி, தரவின்மேல் பொருத்த வேண்டும் என்று சொல்லி, பழைய பேட்டைப் பக்கத்திலிருந்து எடுத்திருந்த படங்களைக் காட்டினேன்.