வருடத்துக்குப் பதினைந்து மணி நேரம்: ஜெர்சி தீவின் ஒரு வயல்

பிரான்ஸ் கரையை ஒட்டியிருக்கும் ஜெர்சி தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். தலைநகர் செயின்ட் ஹீலியரிலிருந்து கிழக்கே லா ஹூக் பீ வரை போய் வாருங்கள். 12 மீட்டர் உயர மண்மேடு, உச்சியில் பழைய தேவாலயம், அடியில் சுமார் 6,000 வருடப் பழமையான கல்லறைப் பாதை. அதில் குனிந்துதான் நுழைய வேண்டும், முதுகுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மெட்டல் டிடெக்டர் வைத்துப் புதையல் தேடுகிறவர்களை இங்கே இழுப்பது அருங்காட்சியகம்தான். அங்கே இருக்கும் காசுப் புதையல் கிடைத்த கதை இது.

கிரூவில் பகுதி வயல் ஒன்றில் வெள்ளிக்காசு கிடைத்ததாக ஒரு பெண்மணி சொன்னதை நம்பி, ரெஜ் மீட், ரிச்சர்ட் மைல்ஸ் இருவரும் சுமார் 30 வருடம் தேடினார்கள். அறுவடை முடிந்த பிறகு, வருடத்துக்கு 10–15 மணி நேரம்தான் அனுமதி.

அது எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டால் தெரியும். டிடெக்டரின் அடியில் உள்ள வட்டமான காயில்தான் உலோகத்தை உணரும் பகுதி, அது 11 அங்குலம் என்று வையுங்கள். அதை இடம் வலமாக வீசும் ஒரு வீச்சு 1.5 மீட்டர் அகலம், 2 வினாடி. பாதிக்குப் பாதி மேல்படிய வேண்டுமென்றால் அடுத்த வீச்சுக்கு 14 செ.மீ.தான் நகரலாம். ஒரு ஏக்கருக்கு 19,000 வீச்சுக்கு மேல், அதாவது பத்தரை மணி நேரம், ஒரு குழிகூடத் தோண்டாமல்! அவசரப்பட்டால் வீச்சின் இரு ஓரத்திலும் காயில் மேலே எழும்பும். எழும்பிய அளவுக்கு ஆழம் போச்சு. இரும்பின் சிக்னலை மறைக்கும் வசதியைக் கூட்டி வைத்தால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசும் சேர்ந்து மறையும். சின்னத் தங்கக்காசும் அலுமினிய டப்பா வளையமும் திரையில் ஏறக்குறைய ஒரே எண் காட்டும். தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

அதே வயலுக்குத் திரும்பத் திரும்பப் போவது வீண்வேலை இல்லை. ஒவ்வொரு உழவும் மண்ணைப் புரட்டுகிறது. செங்குத்தாக நின்று சிக்னல் தராத காசு அடுத்த வருடம் படுத்துக்கிடக்கும், 30 செ.மீ.யில் இருந்தது 15-க்கு வரும். மண் ஈரமாக இருந்தால் சில வயல்களில் சத்தம் இன்னும் தெளிவு. தனிக்காசு 20–25 செ.மீ.க்குக் கீழே கேட்பது அரிது. ஆழத்தில் பெரிய உலோகம் இருந்தால் சிக்னல் கூர்மையாக வராது. காயிலை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அகலமாக இழுத்துக்கொண்டே போகும். பலர் அதைக் குழாய் என்று விட்டுவிடுவார்கள்.

2012-இல் முதலில் 60 வெள்ளிக்காசும் ஒரு தங்கக்காசும் வந்தன. கீழே தோண்டியபோது கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அங்கேயே நிறுத்தி, மண்ணை மூடி, தகவல் சொன்னார்கள். அவர்கள் செய்ததிலேயே சிறந்த வேலை இதுதான். வந்த தொல்லியலாளர்கள் முக்கால் டன் கட்டியை அப்படியே தூக்கினார்கள்: பழங்கால ஐரோப்பிய இனமான கெல்ட் மக்களின் சுமார் 70,000 காசுகள், இடையிடையே தங்கக் கழுத்தணிகள்.

வெள்ளியில் கலந்த செம்பு பச்சையாகக் களிம்பேறி எல்லாவற்றையும் ஒட்டவைத்திருந்தது. ஒவ்வொரு காசும் இருந்த இடத்தை லேசரால் பதிந்துவிட்டே பிரித்தார்கள். அது முடிய 2017 ஆனது.