குறட்டை நின்ற நேரம்

அக்டோபர் 4, சனி

விடியற்காலை ஐந்து மணிக்கு மாமா எழுந்து வேட்டி கட்டப் போனார். வலது கை ஒத்துழைக்கவில்லை, வேட்டி நழுவி நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மன்னார்குடியிலிருந்து ஆம்புலன்ஸில் ஆறரைக்கெல்லாம் தஞ்சாவூர் போய்விட்டோம். சீக்கிரம் வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

ராத்திரி ஒன்பதுக்கு ரசஞ்சாதம் சாப்பிட்டுப் படுத்தார். அப்போது என்றால் ஒன்பதரை மணி நேரம். பக்கவாதமாம். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தூக்கத்தில் வந்தால் விழித்த நேரம் கணக்கில்லை, படுத்த நேரம்தான். எம்ஆர்ஐ பார்த்து சிலருக்குப் பிறகும் போடுவதுண்டாம். மாமாவுக்கு முடியாது என்றார்கள்.

அக்டோபர் 7, செவ்வாய்

வார்டில் ராத்திரி என் முறை. மாமாவின் குறட்டை எங்கள் தெருவுக்கே தெரியும். "அசந்து தூங்குற மனுஷன்" என்று அத்தை பெருமையாகச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கிறது. நெஞ்சு மட்டும் இழுக்கிறது, காற்று இல்லை. இருபத்திரண்டு வரை எண்ணினேன். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 95 இருந்தது 84க்கு இறங்கியது. அப்புறம் ஒரு பெரிய திணறல், மறுபடி குறட்டை.

நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கொஞ்சம் தேவலை.

அக்டோபர் 11, சனி

தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறதாம். ஆக்சிஜன் இறங்க, உடம்பு பதறி எழுப்ப, ரத்த அழுத்தம் எகிறுகிறது. ராத்திரி முழுக்க இதே கூத்து. இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். பக்கவாதத்துக்கு இது ஒரு காரணம். பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறு இருக்கிறதாம்.

பழியெல்லாம் குறட்டை மேல் போட முடியாது. சர்க்கரை இருக்கிறது, வெற்றிலையோடு புகையிலையும் இருந்தது. ஆனால் பிரஷர் மாத்திரை ஒன்று மூன்றாகியும் அடங்காதது ஏன் என்று இப்போது புரிகிறது. டீக்கடை பெஞ்சில் பட்டப்பகலில் தலை தொங்கியதும்தான். வயசு என்று விட்டுவிட்டோம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மாமா இடது கையால் இட்லி சாப்பிட்டார்.

நவம்பர் 22, சனி

தூக்கப் பரிசோதனை ரிசல்ட்: மணிக்கு 34 தடவை மூச்சு தடைபடுகிறது. 30க்கு மேல் போனாலே கடுமை. மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்திச் செலுத்தும் சீபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் ஒளிக்கவில்லை: 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இந்த மெஷினால் அடுத்த தாக்குதல் குறையவில்லையாம். அவர்கள் சராசரியாக ராத்திரிக்கு மூணேகால் மணி நேரம்தான் மாட்டியிருந்தார்கள். பகல் தூக்கம் குறையும், பிரஷர் கொஞ்சம் இறங்கும். மாத்திரையை விடவே கூடாது என்றார்.

நவம்பர் 25, செவ்வாய்

மெஷின் மாட்டி மூன்றாம் ராத்திரி. வீட்டுக்கு வெளியே தவளைச் சத்தம் மட்டும்தான். குறட்டைக்குப் பயந்து பல வருஷமாகத் தாழ்வாரத்தில் படுக்கும் அத்தை, பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தூங்கத்தான் இல்லை.

"சத்தமே இல்லையேடி" என்று மூன்று தடவை எழுந்து மாமாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்.