காலி பாட்டிலில் பறவைத் தீனி: ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிசு

குழந்தைகளோடு சேர்ந்து செய்யும் பறவை ஃபீடர், அதாவது தீனி போட்டுத் தொங்கவிடும் கலம், பெரும்பாலும் ஒரு வாரம் தாண்டாது. பூனை, அணில் மேல் பழி போடுவோம். உண்மையில் கெடுப்பது தண்ணீர். மழைச் சாரலோ பனியோ உள்ளே இறங்கும், தானியம் கட்டி தட்டும், முளை விடும், பூஞ்சை பிடிக்கும். அதனால் எந்த மாதிரியைச் செய்தாலும் இரண்டு விஷயத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். உள்ளே போன தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும்? மிச்சத் தானியத்தைக் கொட்டிவிட்டு நன்றாகக் கழுவ முடியுமா? இதற்குப் பதில் இல்லாத ஃபீடர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியில் வைக்கத்தான் சரி.

முதல் தடவை என்றால் தேங்காய்ச் சிரட்டையில் தொடங்குங்கள். கண் இருக்கிற பாதியை எடுத்துக்கொள்ளவும். மூன்று கண்களில் ஒன்று எப்போதும் மெல்லிசாக இருக்கும். ஆணியால் குத்தினாலே திறந்துகொள்ளும், தண்ணீர் வடிய அது ஒன்றே போதும். தானியம் ஒழுகினால் அதன் மேல் ஒரு சின்னக் கூழாங்கல்லை வையுங்கள். விளிம்பிலிருந்து 1 செ.மீ. கீழே, சம இடைவெளியில் மூன்று ஓட்டைகள் வேண்டும். சம இடைவெளியைக் குழந்தையே கண்டுபிடிக்கலாம்: காகித நாடா ஒன்றை விளிம்பைச் சுற்றி வைத்து, மிச்சத்தை வெட்டிவிட்டு, நாடாவை மூன்றாக மடித்துப் பிரிக்க வேண்டும். நாடாவை மறுபடி விளிம்பில் சுற்றி, இரண்டு மடிப்புகளிலும் நாடாவின் நுனிகள் சேரும் இடத்திலும் பென்சிலால் புள்ளி வைத்தால் முடிந்தது. துளை போடுவது பெரியவர் வேலை, 3 மி.மீ. ட்ரில் போதும். காய்ந்த சிரட்டை வழுக்கும் என்பதால் ஈரத்துணியை மடித்து அதன்மேல் வைத்துப் பிடிக்கவும். 40 செ.மீ. கயிறு மூன்றை உள்ளேயிருந்து வெளியே இழுத்து, உள்பக்க நுனியில் முடிச்சுப் போட்டு, மேல்நுனிகளை ஒன்றாகக் கட்டினால் தட்டு தயார். உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள், இல்லையென்றால் சிக்கு வாடை வந்து பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது பாட்டில். 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, நீளமான காம்புள்ள மரக்கரண்டி இரண்டு. கரண்டி பாட்டிலைக் குறுக்காகத் துளைத்துப் போகும். ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குழி தட்டு, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு பறவை உட்காரும் கிளை. யோசனை சுலபம்தான், சொதப்புவது ஓட்டையில்.

கீழ்க்கரண்டியை அடியிலிருந்து 3 செ.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டாம். கரண்டிக்குக் கீழே இருக்கும் தானியம் எந்தக் காலத்திலும் வெளியே வராது. 7, 8 செ.மீ. உயரத்தில் ஓட்டை போட்டால் அத்தனையும் உள்ளேயே கிடந்து அழுகும். மேல்கரண்டி 6 செ.மீ. தள்ளி, கீழ்க்கரண்டிக்குக் குறுக்காக இருக்கட்டும்.

பாட்டிலின் மூடியை இறுக்கி மூடிவிட்டு வெட்டினால் உள்ளே அடைபட்ட காற்று முதல் ஓட்டை விழும்வரை பாட்டிலை நசுங்காமல் பிடித்துக்கொள்ளும். வட்டமாக வெட்ட முயற்சி செய்யாதீர்கள், கத்தி நழுவும். கூர்முனையால் பெருக்கல் குறி போலக் கீறி, அதன் வழியாகக் கரண்டியை அழுத்தித் தள்ளுங்கள். காம்பு வெளிவரும் பக்கத்தில் அந்த நான்கு முக்கோண மடல்களை அப்படியே விட்டால் அவை காம்பைக் கவ்விப் பிடிக்கும். குழி இருக்கிற பக்கத்தில் மடல்களை வெட்டி எடுத்துவிட வேண்டும், விட்டால் தானியத்தை மறிக்கும். அந்தப் பக்கம் கரண்டிக்கு மேலே இடைவெளி வேண்டும்: தினை, கம்பு போன்ற சிறுதானியத்துக்குச் சுமார் 5 மி.மீ., சூரியகாந்தி விதைக்குச் சுமார் 10 மி.மீ. வெட்டிய விளிம்பு பறவையின் காலைக் கிழிக்கும், குழந்தையின் விரலையும்தான். சுற்றிலும் டேப் ஒட்டிவிடுங்கள்.

கரண்டிக் குழியில் மழைநீர் தேங்கும். அதில் 2 மி.மீ. துளை ஒன்று, பாட்டில் அடியில் அதே அளவில் நான்கைந்து. அடி மேடுபள்ளமாக இருக்கும் பாட்டில் என்றால் பள்ளமான இடங்களில் போடுங்கள், மேட்டில் போட்டால் தண்ணீர் அங்கே ஏறாது. துளை இதைவிடப் பெரிதானால் தினை கொட்டிப்போகும்.

மாட்டுவதற்கு முன் வீட்டுக்குள் பழைய செய்தித்தாளை விரித்து ஒத்திகை பார்க்கலாம். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். காகிதப் புனல் வழியாகத் தானியம் ஊற்றி, பாட்டிலை லேசாகத் தட்டவும். குழி நிறைந்ததும் ஓட்டம் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் கொட்டினால் இடைவெளி அதிகம், மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறுக்குங்கள். வரவே இல்லையென்றால் இடைவெளி போதவில்லை, அல்லது பாட்டிலின் உட்புறம் காயவில்லை. கழுவிய பாட்டிலைக் கவிழ்த்து வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுவது அதற்காகத்தான்.

மூடியில் துளைபோட்டுக் கயிறு கோர்க்கும் வழக்கம் உண்டு. அந்தத் துளை வழியாகவே மழை உள்ளே இறங்கும். கயிற்றைக் கழுத்து வளையத்தின் கீழே சுற்றிக் கட்டுங்கள். அணில் நடமாட்டம் இருந்தால் கயிற்றைக் கடித்துவிடும், மெல்லிய கம்பி நல்லது. தூண்டில் நரம்பும் தொங்கும் நூல் நுனிகளும் கூடவே கூடாது, பறவையின் கால் சிக்கிக்கொள்ளும்.

காகித உருளையில் நிலக்கடலை வெண்ணெய் தடவி விதையில் புரட்டுவது ஐந்து நிமிட வேலை, மூன்று வயதுக் குழந்தையும் செய்யும். ஆனால் குளிர்ந்த வானிலைக்கு மட்டும். வெயிலில் இளகி இறகில் ஒட்டினால் இறகு தண்ணீரைத் தாங்கும் தன்மையை இழக்கும். ஜெலட்டினில் விதையை உறையவைத்த வடிவங்களும் வெயிலில் நிற்காது. கடலை அலர்ஜி உள்ள குழந்தை கூட்டத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளவும்.

தீனி விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று: விதைப்புக்கென்று விற்கும் விதையை வைக்காதீர்கள். அதில் பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ பூசியிருக்கலாம். உப்புப் போட்டது, பொரித்தது எதுவும் வேண்டாம். காயவைத்த தேங்காய்த் துருவலும் கூடாது, வயிற்றுக்குள் ஊறிப் பெருக்கும். நிலக்கடலை என்றால் உப்பில்லாமல், நொறுக்கி. வாடை மாறியதைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் பறவைக்கு விஷம். பச்சரிசி தின்றால் பறவையின் வயிறு வெடிக்கும் என்று சொல்வது வெறும் கதை. நெல் வயலில் மேயும் பறவைகளைப் பார்த்தாலே தெரியும்.

முதல் வாரம் சிரட்டையில் மூன்று மேசைக்கரண்டித் தானியம் போதும், பாட்டிலில் என்றால் கீழ்க்கரண்டிக்குச் சற்று மேலே வரும் அளவு. பழையதன் மேல் புதியதைக் கொட்டாமல், மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு நிரப்பவும்.

தரையிலிருந்து ஒன்றரை முதல் 2 மீட்டர் உயரம், பூனை பதுங்கும் புதரிலிருந்து 2, 3 மீட்டர் தள்ளி. கண்ணாடி ஜன்னல் பக்கம் என்றால் 1 மீட்டருக்குள், அல்லது 10 மீட்டருக்கு அப்பால். இரண்டுக்கும் நடுவே வைத்தால், மிரண்டு கிளம்பும் பறவை வேகம் பிடித்துக் கண்ணாடியில் மோதும். கிட்டத்தில் என்றால் மோதினாலும் வேகம் இருக்காது. பறவை வரவில்லை என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். கண்டுபிடிக்க இரண்டு வாரம்கூட ஆகும்.

சிட்டுக்குருவி கரண்டிக் காம்பில் உட்காரும். புறா உட்காராது, கீழே சிந்தியதைப் பொறுக்கும். பூச்சி தின்னும் பறவைகள் எட்டியும் பார்க்காது. ஏன் என்று கேட்கும் குழந்தையிடம் அலகைக் கவனிக்கச் சொல்லுங்கள்: குட்டையாகத் தடித்திருந்தால் விதை உடைக்க, மெல்லிசாக நீண்டிருந்தால் பூச்சி பிடிக்க.

வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஊறல், பிறகு வாடை போகும்வரை அலசல், முழுக்கக் காயவைத்தல். இது கையுறை போட்ட பெரியவர் செய்வது, பாத்திரம் கழுவும் தொட்டியில் வேண்டாம். பறவை எச்சத்தில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம் என்பதால் ஃபீடரைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இறகை உப்பிக்கொண்டு, கண் சொருகி, கிட்டே போனாலும் பறக்காத பறவை வந்தால் ஃபீடரை இரண்டு வாரம் இறக்கிவிடுங்கள். ஒரே இடத்தில் கூடித் தின்றால் நோய் வேகமாகப் பரவும். வெயிலில் வெளுத்து, அழுத்தினால் நொறுங்குகிற பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கரண்டிகளை அடுத்த பாட்டிலுக்கு மாற்றலாம்.

கணக்கு வைக்கும் குழந்தைக்கு ஒரு விதி சொல்லிக்கொடுக்கவும். வந்ததையெல்லாம் கூட்டக் கூடாது, ஒரே நேரத்தில் எத்தனை தெரிந்ததோ அதில் பெரிய எண்ணை மட்டும் எழுத வேண்டும். பிரிட்டனில் 1979 முதல் நடக்கும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பிலும் இதே முறைதான், ஒரு மணி நேரம் பார்த்து எழுதுவார்கள். இல்லையென்றால் ஒரே குருவி ஆறு தடவை வந்துபோனதற்கு நோட்டில் ஆறு குருவி ஏறிவிடும்.