முதலில் குரலை எடுத்து வையுங்கள்

நெருங்கிய நண்பர் இறந்துபோனால் அவருடைய முகம் பல இடங்களில் மிஞ்சும். குரல் அப்படி மிஞ்சுவதில்லை. பெரும்பாலும் அது உங்கள் போனுக்குள் பத்து, இருபது விநாடித் துண்டுகளாகக் கிடக்கும். போன் பழுதானால், இடம் போதவில்லையென்று எதையாவது அழித்தால், அதுவும் போய்விடும். இப்போது அதைக் கேட்கும் தெம்பு இருக்காது. கேட்கவே வேண்டாம், நகல் மட்டும் எடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் அவருடைய சாட்டைத் திறந்து, 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுங்கள். மீடியாவோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள்தான் வரும். மீடியா இல்லாமல் 40,000. வருடக்கணக்காகப் பேசியவர்களுக்கு இது எந்த மூலைக்கு? இரண்டு விதமாகவும் எடுத்துவிட்டு, பழைய குரல்பதிவுகளைத் தனியாகத் தேடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற ஃபோல்டரில் எல்லாருடைய பதிவுகளும் கலந்து கிடக்கும். ஃபைல் பெயரில் தேதி இருக்கும், ஆள் பெயர் இருக்காது. சாட்டில் உள்ள தேதியோடு ஒப்பிட்டுத்தான் பிரிக்க வேண்டும். பிரித்ததும் '2023-08-14 - அவர் பெயர்' என்று ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிட்டால் தானாகவே கால வரிசையில் நிற்கும். அவை ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவில் இருக்கும். எம்பி3 ஆக மாற்றினாலும் மூலத்தை அழிக்காதீர்கள்.

டவுன்லோட் செய்யாமல் விட்ட பழைய பதிவுகள்தான் மனதை அறுப்பவை. வாட்ஸ்அப் அவற்றைத் தன் சர்வரில் நெடுநாள் வைத்திருப்பதில்லை. மறுபடி அனுப்பும்படி அனுப்பியவரிடமே கேட்கச் சொல்லும். குரூப்பில் வந்ததென்றால் மற்றவர்களின் போனில் இருக்கலாம், இன்றைக்கே கேளுங்கள். 'மறையும் செய்திகள்' வசதி போட்டிருந்தால் அவசரம் இன்னும் அதிகம். இப்போது அதை நிறுத்தினாலும், ஏற்கெனவே வந்தவை கெடு முடிந்ததும் மறைந்தே தீரும்.

இன்னொரு இடத்திலும் தேடுங்கள்: அவர் எடுத்த வீடியோக்கள். அவற்றில் அவர் முகம் இருக்காது. ஆனால் கேமராவுக்குப் பின்னால் நின்று "கொஞ்சம் தள்ளி நில்லு" என்று சொல்வதும் சிரிப்பதும் பதிவாகியிருக்கும். யாருக்கும் அனுப்புவதற்காகப் பேசாத பேச்சு அது, அவ்வளவு இயல்பாக வேறெங்கும் கிடைக்காது.

படங்களை மற்ற நண்பர்களிடம் வாங்கும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் போய்விடும். படத்தில் இருப்பது யார், எந்த இடம் என்பதை உடனே எழுதி வையுங்கள்.

அவருடைய கணக்குகளில் நாமாகக் கை வைக்கக்கூடாது. ஃபேஸ்புக் பக்கத்தை நினைவுப் பக்கமாக்கச் சொல்லி நண்பர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அப்படி மாறிய பிறகு, பாஸ்வேர்டு தெரிந்தாலும் யாரும் உள்ளே நுழைய முடியாது. வீட்டாரைக் கேட்காமல் செய்துவிட்டால் அவர்களுக்கு வேண்டியது உள்ளேயே பூட்டிக்கொள்ளும். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும். உங்கள் போனில் உள்ள சாட் அதனால் அழியாது, அவருடைய முகப்புப்படம் போய்விடும். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அவருடைய போனின் பூட்டு எண்ணை யாரும் ஊகித்துப் போட்டுப் பார்க்க வேண்டாம். தவறு கூடக்கூடக் காத்திருக்கும் நேரம் நீளும், சில போன்களில் தரவு முழுவதும் அழியும்படி அமைத்திருப்பார்கள்.

சேர்த்ததை மூன்று நகலாக வையுங்கள்: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று.

வீட்டாருக்குக் கொடுக்கும் நகலை மட்டும் முழுக்கப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். உங்களை நம்பி அவர் சொன்ன விஷயங்கள் சாட்டில் இருக்கும், அவை உங்களோடு இருக்கட்டும். குரலையும் படங்களையும் தனித்தனி ஃபோல்டராக்கி, மேலே பெயர் எழுதிக் கொடுங்கள். படம் பார்க்கத் திறந்தவர் எதிர்பாராமல் குரலைக் கேட்டுவிடக்கூடாது. எப்போது கேட்பது என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.